லிவர் எங்கே நிற்கிறது?

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் மெக்கானிக் வாயிலிருந்து கேட்க விரும்பாத வாக்கியங்கள் இரண்டு. ஒன்று, 'போர் போயிடுச்சு'. இன்னொன்று, 'கியர் பாக்ஸ் போயிடுச்சு'. முதலாவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். போர் அடித்து, பிஸ்டன் மாற்றி, சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிப் பழக்கினால் வண்டி திரும்ப வந்துவிடும். இரண்டாவது அப்படியில்லை. கியர் பாக்ஸ் என்பது நம்மில் பெரும்பாலானோர் திறந்து பார்த்திராத அறை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததால் என்ன சொன்னாலும் நம்பத்தான் வேண்டியிருக்கிறது.

ஆனால் அந்த வாக்கியம் காய்ச்சல் என்று சொல்வதைப் போன்றது. அதற்குள் பல நோய்கள் இருக்கின்றன. பல்சக்கரத்தின் பல் உடைந்திருக்கலாம். ஃபோர்க் வளைந்திருக்கலாம். பேரிங் போயிருக்கலாம். அல்லது உள்ளங்கையில் மூடி மறைத்துவிடக்கூடிய ஒரு ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். முதல் மூன்றுக்கும் இன்ஜினை இறக்கி இரண்டாகப் பிளக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு ஒரு பக்க மூடியைக் கழற்றினால் போதும். செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஓட்டுகிறவனின் இடது காலுக்கோ எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்: கியர் விழவில்லை.

என்னுடையது 1994-ஆம் வருடத்து யமஹா ஆர்.எக்ஸ். 100. இரண்டாம் கையாக வாங்கியது. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு சேர்ந்து 1985-ல் கொண்டுவந்து 1996-ல் நிறுத்திய வண்டி. 98 சி.சி., டூ ஸ்ட்ரோக், நான்கு கியர், நூறு கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலான எடை, பதினோரு குதிரைத்திறன். எண்ணாகப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓட்டியவர்களுக்கு எண் தேவைப்படாது. ஆகக் கடைசியாக வெளிவந்த வண்டிக்கே இன்று முப்பது வயது ஆகப்போகிறது. திருச்சியில் தினமும் வேலைக்கு அதில்தான் போய் வருகிறேன்.

ஒருநாள் மாலை மாம்பழச்சாலை சிக்னலில் நிறுத்திவிட்டுக் கிளம்பியபோது, முதல் கியர் விழுந்தது. இரண்டாவதுக்குக் காலைக் கொடுத்தால் லிவர் வெறுமனே ஆடியது. பல் விழுந்த வாயில் நாக்கு துழாவுவது மாதிரி, கால் எதையோ தேடியது, அங்கே ஒன்றுமில்லை. முதல் கியரிலேயே காவிரிப் பாலத்தைக் கடந்தேன். பின்னால் வந்த பேருந்துக்காரர் ஹாரனிலேயே என்னைப் பற்றிய தன் கருத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு அருகில் புதிதாகத் திறந்திருந்த ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பளபளவென்று டைல்ஸ் போட்ட கடை. லிவரை இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இன்ஜின் இறக்கணும் சார். கியர் செட்டு மொத்தமா மாத்திடலாம். பதினாலாயிரம் வரைக்கும் வரும்" என்றார்கள். கொஞ்சம் தயங்கிவிட்டு, "இந்த வண்டிக்கு இப்ப நல்ல கிராக்கி இருக்கு சார். அப்படியே குடுக்கிறதுன்னாலும் ஆள் இருக்காங்க" என்று சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. புதிதாக விற்ற விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து இந்த வண்டியை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஓட்டிக்கொண்டிருக்கும் வண்டியை விலை பேசும்போது ஏதோ ஓர் அவசரம் தெரிந்தது. தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

பாலக்கரைப் பக்கம் ஒரு பாய் இருக்கிறார் என்று நண்பர் சொன்னார். எழுபதை நெருங்கும் வயது. டூ ஸ்ட்ரோக் மட்டும்தான் பார்ப்பார். கூட ஒரு பையன். போனில் விஷயத்தைச் சொன்னேன். "கியர் பாக்ஸ் போயிடுச்சுங்கிறாங்க பாய்."

"அத நான் பாத்து சொல்றேன் தம்பி. நீங்க ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கால எடுத்தப்புறம் லிவர் எங்க நிக்குது?"

இந்தக் கேள்வி எனக்குப் புரியவில்லை. போய்ப் பார்த்தேன். விட்ட இடத்திலேயே நின்றது. மேலே தூக்கினால் மேலே, கீழே அழுத்தினால் கீழே. சொன்னேன்.

"கையால நடுவுக்குக் கொண்டுவந்து வச்சுட்டு, வண்டிய முன்ன பின்ன உருட்டிக்கிட்டே அழுத்திப் பாருங்க. கியர் விழுதா?"

விழுந்தது.

"விழும்போது உள்ள டக்குன்னு உக்காருதா, கொழகொழன்னு போகுதா?"

"டக்குன்னு உக்காருது."

"சரி, எடுத்துட்டு வாங்க. ஒவ்வொரு கியர் போட்டதும் கால் நுனியால லிவர நடுவுக்குத் தூக்கி விட்டுக்குங்க. அப்படியே ஓட்டிட்டு வந்துடலாம்."

அப்படித்தான் ஓட்டிக்கொண்டு போனேன். நான்கு கியரும் விழுந்தன. பதினாலாயிரம் ரூபாய் நோய், ஓட்டுகிறவன் கால் நுனியால் தூக்கிவிடும் அளவுக்குச் சிறுத்துவிட்டிருந்தது.

அந்த மூன்று கேள்விகளும் மூன்று ஸ்பிரிங்குகளைப் பற்றியவை என்பது பிறகுதான் புரிந்தது. மோட்டார் சைக்கிளின் கியர் வரிசையாகத்தான் விழும். காரைப் போல நினைத்த கியருக்கு நேராகத் தாவ முடியாது. உள்ளே ஒரு டிரம் இருக்கிறது. அதன் மேல் வளைந்து வளைந்து போகும் பள்ளங்கள். அந்தப் பள்ளத்தில் ஃபோர்க்குகளின் முனைகள் உட்கார்ந்திருக்கும். டிரம் ஒரு படி திரும்பினால் ஃபோர்க்குகள் நகர்ந்து பல்சக்கரங்களைப் பக்கவாட்டில் தள்ளும்; ஒரு கியர் விட்டு இன்னொன்று பிடிக்கும். நம் கால் செய்வது இந்த டிரம்மை ஒரு படி திருப்புவதை மட்டும்தான். லிவரின் ஷாஃப்ட் இடப்பக்கத்திலிருந்து இன்ஜினுக்குள் புகுந்து வலப்பக்கம் கிளட்சுக்குப் பின்னால் போய் முடிகிறது. அந்த முனையில் ஒரு கொக்கி. அது டிரம்மின் ஊசிகளில் ஒன்றைப் பிடித்து இழுக்கும், அல்லது தள்ளும்.

ஒரு படி திருப்பியதும் கொக்கி நடுவுக்குத் திரும்ப வர வேண்டும். வந்தால்தான் அடுத்த ஊசியைப் பிடிக்க முடியும். கிணற்றில் கயிறு இழுக்கிறவர் ஒரு பிடி இழுத்ததும் கையை மறுபடி மேலே கொண்டு போவதைப் போல. அந்தக் கையைக் கொண்டு போவது ரிட்டர்ன் ஸ்பிரிங். ஷாஃப்ட்டைச் சுற்றிச் சில சுற்றுகள், இரண்டு பக்கமும் நீண்ட இரண்டு கால்கள். கேஸில் பதிந்திருக்கும் ஒரு ஸ்டாப்பர் போல்ட்டை அந்தக் கால்கள் இரு பக்கமும் கட்டிப்பிடித்திருக்கும். ஷாஃப்ட் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கால் விரியும். விட்டதும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும். இது உடைந்தால் லிவர் விட்ட இடத்தில் நிற்கும். முதல் கேள்வி இதற்கு.

இரண்டாவது, கொக்கியை ஊசிகளின் மேல் அழுத்திப் பிடித்திருக்கும் சின்ன ஸ்பிரிங். இது போனால் லிவர் ஒழுங்காக நடுவுக்கு வரும். ஆனால் கொக்கி ஊசியைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். லிவரைக் கையால் நடுவில் வைத்து அழுத்தியபோது என் வண்டியில் கியர் விழுந்தது. ஆகவே அது நன்றாக இருக்கிறது. மூன்றாவது, ஸ்டாப்பர் லிவரின் ஸ்பிரிங். டிரம்மின் முகப்பில் ஒவ்வொரு கியருக்கும் ஒரு பள்ளம் இருக்கும். ஒரு சிறு உருளை வந்து அதில் உட்காரும். நாம் காலில் உணரும் அந்த 'டக்' அதுதான். இந்த ஸ்பிரிங் போனால் லிவர் சரியாக இருக்கும், கியரும் விழும், ஆனால் எங்கே விழுந்தது என்று தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். மூன்றிலும் ஆபத்தானது இதுதான். ரிட்டர்ன் ஸ்பிரிங் உடைந்த வண்டியை வீடு வரை ஓட்டலாம். இது உடைந்ததை ஓட்டக்கூடாது. எதிரே லாரி வரும்போது முந்துவதற்குத் திருகினால் இன்ஜின் மட்டும் அலறும், வண்டி போகாது.

வண்டியைப் பார்த்ததும் பாய் உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை. பையனைக் கூப்பிட்டு, "வெளிய பாருடா மொதல்ல" என்றார். லிவரின் போல்ட் தளர்ந்திருக்கிறதா, பல் வரிகள் மழுங்கி ஷாஃப்ட்டின் மேல் சுற்றுகிறதா, லிவர் வளைந்து இன்ஜின் மூடியில் உரசுகிறதா, செயின் சக்கரத்துப் பக்கம் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் மண்ணும் கிரீஸும் இறுகிப்போய்ப் பிடிக்கிறதா என்று பையன் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னான். லிவர் திரும்பி வராமல் இருப்பதற்கு இவற்றில் ஒன்றே காரணமாக இருந்துவிடலாம். அப்படி இருந்தால் இன்ஜினைத் தொட வேண்டியதே இல்லை. எல்லாம் சரியாக இருந்தன. ஷாஃப்ட்டே வளைந்திருக்கிறதா என்று பார்க்க லிவரைக் கழற்றிவிட்டு, முனையைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார் பாய். தள்ளாட்டம் இல்லை. "இப்ப தொறக்கலாம்."

கியர் ஆயிலை இறக்கும்போது டப்பாவின் வாயில் ஒரு பழைய வேட்டித் துணியைக் கட்டினார்கள். அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான ஆயில் அதன் வழியாக வடிந்தது. கருப்பாக வரும் என்று எதிர்பார்த்தேன். டீயில் பால் கலந்த நிறத்தில் வந்தது. பாய் முகத்தைச் சுளித்தார். "தண்ணி போயிருக்கு." துணியில் சாம்பல் நிறத் தூள் மட்டும் தங்கியது. துண்டு எதுவும் இல்லை.

கிக்கரைக் கழற்றி, ஃபுட்ரெஸ்ட்டை விலக்கி, ஆயில் பம்ப்பின் கேபிளையும் குழாயையும் பிரித்து, வலப்பக்க மூடியின் ஸ்க்ரூக்களுக்கு வந்தார்கள். இந்த ஸ்டார் ஸ்க்ரூக்களின் தலை மழுங்கிவிட்டால் வேலை ஒருநாள் இழுக்கும். சுத்தியலால் தட்டினால் தானே திரும்பிக்கொடுக்கும் இம்பாக்ட் டிரைவரை வைத்துப் பையன் ஒவ்வொன்றையும் ஒரே தட்டில் இளக்கினான். மூடி வந்தது. கிளட்ச் ஸ்பிரிங்குகள், பிரஷர் பிளேட், பிளேட்டுகள், நடு நட்டு, லாக் வாஷர், கடைசியாகக் கிளட்ச் ஹவுசிங் என்று வரிசையாக ஒரு செய்தித்தாளின் மேல், கழற்றிய வரிசையிலேயே வைத்தார்கள். ஹவுசிங் வெளியே வந்ததும் பின்னால் இருந்த ஷாஃப்ட்டின் முனை தெரிந்தது. ஸ்பிரிங்கின் ஒரு கால் ஸ்டாப்பர் போல்ட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மொட்டை முனைதான் இருந்தது.

நோய் தெரிந்துவிட்டது, இனி புதுசு போட்டு மூட வேண்டியதுதான் என்று நான் நினைத்தேன். பாய் நிமிர்ந்து, "துண்டு எங்க?" என்றார்.

உடைந்துபோன கால் ஒரு சென்டிமீட்டர் அளவு இருக்க வேண்டும். சைக்கிள் போக்ஸ் கம்பியைவிடச் சற்றுத் தடிமனான, கடினமான எஃகு. கிளட்ச் இருக்கும் அறைக்கும் பல்சக்கரங்கள் இருக்கும் அறைக்கும் நடுவே ஆயில் போய் வரத் திறப்பு உண்டு. துண்டு அந்த வழியாக உள்ளே போயிருந்தால், ஏதோ ஒரு நாள் இரண்டு பற்களுக்கு நடுவில் சிக்கும். அன்றைக்குப் பல் உடையலாம், கேஸே பிளக்கலாம், வேகமாகப் போகும்போது பின்சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். துண்டு கிடைக்காவிட்டால் இன்ஜினை இறக்கிப் பிளந்து தேடுவதைத் தவிர வேறு வழியில்லை. புதுக் கடைக்காரர் சொன்ன செலவு, வேறு காரணத்துக்காக, திரும்பவும் வாசலில் வந்து நின்றது.

தேடல் ஒன்றரை மணி நேரம் நடந்தது. பழைய டிரான்சிஸ்டரின் ஆண்டெனாக் குச்சி நுனியில் ஒட்டியிருந்த ஒரு சின்னக் காந்தத்தை டிரெயின் ஓட்டை வழியாக விட்டுத் துழாவினார் பாய். மசி போன்ற தூள்தான் ஒட்டிக்கொண்டு வந்தது. மண்ணெண்ணெயை ஊற்றி, வண்டியை இடமும் வலமும் சாய்த்து, மறுபடி துணியில் வடித்தார்கள். இல்லை. டார்ச்சைப் பையன் பிடிக்க, கண்ணாடித் துண்டைச் சாய்த்து வைத்து மூலைகளைப் பார்த்தார். இல்லை. நான் டீ வாங்கிக்கொண்டு வந்தேன். யாரும் குடிக்கவில்லை. "உள்ள போயிருக்குமோ பாய்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பையன்தான், "ஸ்டாப்பர் லிவருக்குப் பின்னாடி கசடு கெட்டியா இருக்கு அத்தா, அத சொரண்டிப் பாக்கவா?" என்றான். தண்ணீரும் ஆயிலும் கலந்து இறுகி, பழைய கிரீஸ் போல அங்கே ஒரு பக்கு கட்டியிருந்தது. மரக்குச்சியால் சுரண்டினான். காந்தத்தைக் காட்டியதும் 'டிக்' என்று வந்து ஒட்டியது.

அதோடும் பாய் திருப்தியடையவில்லை. புது ஸ்பிரிங் வந்த பிறகு, உடைந்த துண்டையும் மொட்டைக் காலையும் முனையோடு முனை சேர்த்து, புதியதன் காலுக்குப் பக்கத்தில் வைத்து நீளம் ஒத்துவருகிறதா என்று பார்த்தார். ஒத்துவந்தது. அப்படியென்றால் இரண்டாவது துண்டு எதுவும் உள்ளே இல்லை. அதற்குப் பிறகுதான் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார்.

உடைந்த ஸ்பிரிங்கை அன்று மாலை பெரியப்பாவிடம் காட்டினேன். பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். "ஒடஞ்ச எடத்த ரெண்டு பாகமா பாருடா. இந்தப் பக்கம் வழவழன்னு கறுத்துப் போயிருக்கா? இது நேத்து ஒடஞ்சதில்ல. மாசக்கணக்கா கொஞ்சங்கொஞ்சமா வெடிப்பு ஓடியிருக்கு. அந்த ஓரத்துல சொரசொரன்னு வெள்ளையா மின்னுது பாரு, அதுதான் நீ சிக்னல்ல கேட்டது." வழவழப்பான பகுதி ஆரம்பித்த இடத்தில், கம்பியின் உள்வளைவில், ஒரு கடுகின் பாதிகூட இல்லாத துருப் பள்ளம் இருந்தது.

உலோகம் இப்படிச் சோர்ந்து உடையும் என்பதை ரயில்தான் மனிதர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. 1842 மே மாதம் வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் இன்ஜினில் ஓர் அச்சு முறிந்து, பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். தாங்கக்கூடிய சுமைதான், இருந்தும் அச்சு முறிந்தது ஏன் என்ற கேள்வி பலரைத் தொந்தரவு செய்தது. பிறகு ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மானிய ரயில்வே பொறியாளர் பல ஆண்டுகள் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்தார். ஒருமுறை கொடுத்தால் எளிதாகத் தாங்கும் சுமையையே லட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்பக் கொடுத்தால் எஃகு உடைகிறது என்று காட்டினார். அதோடு ஒரு நல்ல செய்தியும் சொன்னார்: சுமை ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால் எஃகு எத்தனை முறை வேண்டுமானாலும் தாங்கும். ஆனால் அந்த எல்லை, சிராய்ப்பும் துருவும் இல்லாத எஃகுக்கானது. ஒரு சின்னப் பள்ளம் விழுந்தால் விசையெல்லாம் அங்கே குவிந்துகொள்ளும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நகரத்துக்குள் ஓடும் வண்டிக்கு ஒருநாளைக்கு 200 முறை கியர் மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 300 நாள். முப்பது வருடம். 18 லட்சம் முறை அந்தக் கம்பி வளைந்து நிமிர்ந்திருக்கிறது. இதில் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

மறுநாள் பாயிடம் துருவைப் பற்றிச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. "பால் மாதிரி ஆயில் வந்துச்சே, அப்பவே தெரியும். பெட்ரோல் பங்க்குல வாட்டர் சர்வீஸ் பண்றவன் வேகமா அடிப்பான். இல்லன்னா பக்கத்துலயே ஓட்டி ஓட்டி நிறுத்துற வண்டி. இன்ஜின் சூடாகுறதுக்குள்ள நிறுத்திட்டா உள்ள வேர்த்து, அது தண்ணியா நின்னுடும். ஆனா அது மட்டும் இல்ல தம்பி." கிளட்ச் ஹவுசிங்கை எடுத்துக் காட்டினார். பிளேட்டுகளின் காதுகள் உட்காரும் விரல்களில், ஒவ்வொரு பிளேட்டும் இடித்து இடித்து வரி வரியாகப் பள்ளம் விழுந்திருந்தது. "கிளட்ச் புடிச்சாலும் பிளேட்டு இந்தப் பள்ளத்துல மாட்டிக்கும், முழுசா பிரியாது. பிரியலைன்னா கியர் லேசுல விழாது. நியூட்ரல் கெடைக்காது. எவன் ஓட்டினாலும் மிதிச்சுதான் ஆகணும். மிதியெல்லாம் ஸ்பிரிங்குக்குத்தான் போகும். இத சரி பண்ணாம புதுசு போட்டா, அதையும் இது தின்னுடும்."

ஸ்பிரிங் உடைந்தது உண்மை. ஆனால் நோய் அதில் இல்லை. அதற்கு இரண்டடி தள்ளி, கிளட்சிலும் ஆயிலிலும் இருந்தது. எது உடைந்தது என்று கண்டுபிடிப்பது பாதி வேலைதான். ஏன் உடைந்தது என்று கேட்கிறவரிடம் வண்டி திரும்ப வராது. திரும்ப வராத வண்டியால் கடைக்கு வருமானமும் கிடையாது. பாயின் கடைக்கு இன்னும் டைல்ஸ் போடாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பள்ளங்கள் ஆழமில்லை என்பதால் தட்டையான அரத்தால் அவற்றின் விளிம்பைப் பையன் பொறுமையாக ராவி நேராக்கினான். ஆழமாக இருந்தால் ஹவுசிங்கையே மாற்ற வேண்டும். பிளேட்டுகளைக் கண்ணாடி மேல் வைத்து வளைவு பார்த்தார்கள். இரும்புப் பிளேட்டில் ஒன்று லேசாகக் குடை போல வளைந்திருந்தது, மாற்றினோம்.

புது ஸ்பிரிங் கிடைப்பதுதான் சிரமமாயிற்று. முதலில் கிடைத்தது 60 ரூபாய். ஷாஃப்ட்டில் மாட்டிப் பார்த்ததும் பாய் தலையை ஆட்டினார். கால்களுக்கு நடுவில் இடைவெளி அதிகம். ஸ்டாப்பர் போல்ட்டை இறுக்கிப் பிடிக்காமல் தளர்வாக நின்றது. அந்த அளவுக்கு லிவர் ஆடும். கொக்கி நடுவில் நிற்காது. ஒரு பக்கம் கியர் சுலபமாகவும் மறுபக்கம் கஷ்டமாகவும் விழும். "கொஞ்சம் சூடு காட்டி வளைச்சுக்கலாமே பாய்" என்றேன். "சூடு காட்டினா பதம் போயிடும். அப்புறம் அது ஸ்பிரிங் இல்ல, கம்பி." சென்னை புதுப்பேட்டையில் தெரிந்த ஒருவர், உடைத்த வண்டியிலிருந்து எடுத்த ஒரிஜினல் ஒன்று இருக்கிறது, கூரியரில் அனுப்பவா என்று கேட்டார். எனக்கு ஆசை. பாய் அதையும் மறுத்துவிட்டார். "பழைய கேஸ் வாங்கலாம், மூடி வாங்கலாம், லிவர் வாங்கலாம். ஸ்பிரிங் வாங்கக்கூடாது. எத்தன லட்சம் தடவ போயிருக்குன்னு அதுக்கு மட்டும்தான் தெரியும்." வோலரைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. நான்கு நாள் கழித்து, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலிருந்து பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் ஒன்று வந்து சேர்ந்தது. சுற்றுகள் சீராக, கால்கள் ஒன்றுக்கொன்று இணையாக, போல்ட்டை விரலால் பிடித்ததுபோலக் கவ்விக்கொண்டன. ஸ்டாப்பர் போல்ட்டும் இளகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். அது தளர்ந்தாலும் இதே நோய்தான் வரும். ஸ்பிரிங் நன்றாக இருக்கும்போதே.

மூடியைப் போடுவதற்கு முன்னால் லிவரைத் தற்காலிகமாக மாட்டி, பையன் பின்சக்கரத்தைக் கையால் சுற்ற, பாய் ஒவ்வொரு கியராகப் போட்டார். மேலே நான்கு, கீழே நான்கு, பிறகு நியூட்ரல். சக்கரம் சுற்றினால்தான் உள்ளே பிடிப்புகள் நேருக்கு நேர் வந்து விழும். நின்ற வண்டியில் கியர் விழவில்லை என்று பயப்பட வேண்டியதில்லை. பத்து முறை செய்தார். ஒவ்வொரு முறையும் லிவரை விட்டுவிட்டுப் பார்த்தார். நடுவில் வந்து நின்றது. அதற்குப் பிறகுதான் புது பேக்கிங் வைத்து மூடினார்கள். ஆயில் ஊற்றி, பம்ப்பின் குழாயில் காற்று போகும்வரை இன்ஜினை ஓடவிட்டார்கள். எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய் ஆனது. அதில் ஸ்பிரிங்கின் விலை 180.

முதல் ஐந்நூறு கிலோமீட்டரில் ஆயிலைத் திரும்பவும் மாற்றச் சொன்னார். உள்ளே ஒட்டியிருக்கும் மிச்சத் தண்ணீரும் கசடும் அதோடு போய்விடும் என்று. மாற்றப் போனபோது, கடைச் சுவரில் ஒரு நீளக் கம்பியில் கோர்த்திருந்த உடைந்த ஸ்பிரிங்குகளைக் கவனித்தேன். நாற்பது, ஐம்பது இருக்கும். கிக்கர் ஸ்பிரிங், கிளட்ச் ஸ்பிரிங், ஸ்டாப்பர் ஸ்பிரிங். என்னுடையது கடைசியில் தொங்கியது. உடைந்த துண்டைச் சின்ன நூலால் அதோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

அன்றைக்கு ஒரு காலேஜ் பையன், கிக்கர் மேலே வரமாட்டேன் என்கிறது என்று ஒரு பழைய வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தான். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். உதவிப் பையன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். கிக்கரைத் தொடவில்லை. "மிதிச்சா இன்ஜின் சுத்துதாண்ணே, இல்ல சும்மா எறங்குதா?" என்று கேட்டான்.

அந்தக் காலேஜ் பையன் யோசிக்க ஆரம்பித்தான்.